எல்லை தாண்ட நூறு அடி

மியான்மர் முடிந்து சீனா ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் விமானம் நூறு அடி ஏறும். நூறே அடி, ஒரு நெட்டைத் தென்னையின் உயரம். டெல்லியிலிருந்து டோக்கியோ போகிற ராத்திரி விமானம் அது. பின்னால் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். 35,000 அடியில் போய்க்கொண்டிருக்கும்போது ஹெட்செட்டில் சீனாவின் குன்மிங் நகரத்து விமானக் கட்டுப்பாட்டாளரின் குரல் வரும்: 10,700 மீட்டருக்கு ஏறுங்கள். மடியில் இருக்கும் அட்டையைப் பார்ப்பேன். 10,700 மீட்டர் என்றால் 35,100 அடி. உயரக் குமிழைச் சுற்றியுள்ள வளையத்தை ஆயிரத்திலிருந்து நூறுக்கு மாற்றி, குமிழை ஒரே ஒரு சொடுக்கு திருப்புவேன். மூக்கு லேசாக நிமிரும், சில நொடியில் சமமாகிவிடும். காபி டம்ளர்கூட அசையாது.

முதல் தடவை இதைச் செய்தபோது நான் கோ-பைலட். பக்கத்தில் நாகர்கோவில்காரர் ஒரு கேப்டன், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர். "அவ்வளவுதான் தம்பி, நாடு மாறிட்டோம்" என்றார். பிறகு சாப்பாட்டுத் தட்டைத் திறந்து பனீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

உலகத்தில் பெரும்பாலான நாடுகள் பறக்கும் உயரத்தை அடியில்தான் சொல்கின்றன. சீனா மீட்டரில் சொல்கிறது. ரஷ்யாவும் அப்படித்தான் இருந்தது; 2011 நவம்பரில் மேல் உயரங்களுக்கு அடிக்கு மாறிவிட்டது. சீனா மாறவில்லை. 2007 நவம்பரிலிருந்து அவர்களிடம் ஒரு அட்டவணை இருக்கிறது. 10,100 மீட்டர் என்றால் 33,100 அடி, 10,400 என்றால் 34,100, இப்படியே மேலே போகும். அந்த அட்டவணைதான் சட்டம். காக்பிட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மீட்டர் கணக்கு திரையிலேயே வந்துவிடும், ஆனால் அதைப் பார்த்து ஓட்டக்கூடாது. கணக்கை முழுமையாக்கும்போது சில மீட்டர் முன்னே பின்னே விழும். அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு விமானியும் தன் போக்கில் பத்து மீட்டர் ஏறி இறங்கினால் என்னாவது? அதனால் அட்டையில் உள்ள அடிக்கணக்கை அப்படியே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக வேண்டும்.

கல்யாண வீடுகளில் என் பெரியப்பா தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏம்ப்பா, மேலதான் ரோடே இல்லியே, எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம்தானே?" ஒரே சட்டம்தான் பெரியப்பா என்பேன். 1944 டிசம்பரில் சிகாகோவில் 52 நாடுகள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அதிலிருந்து கிளைத்த விதிகள். ஆனால் அதே ஒப்பந்தத்தின் 38ஆவது பிரிவு, எந்த விதி ஒத்துவரவில்லையோ அதைச் சொல்லிவிட்டு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம் என்று நாடுகளுக்கு இடம் கொடுக்கிறது. எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு வாசப்படி. ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த வித்தியாசப் பட்டியல் தனியாக இருக்கிறது, நாங்கள் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் உண்மையான சங்கதி பட்டியலில் இல்லை. அது போய்ப் பழகினால்தான் பிடிபடும்.

நான் பறக்கக் கற்றது அரிசோனாவில். அங்கே காற்றழுத்தத்தை அங்குலத்தில் சொல்வார்கள். பாதரசம் எத்தனை அங்குலம் நிற்கிறது என்ற பழைய கணக்கு. ஆல்டிமீட்டர் என்பது அடிப்படையில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவிதான். கீழே இன்றைக்கு அழுத்தம் எவ்வளவு என்று அதற்குச் சொன்னால்தான் அது உயரத்தைச் சரியாகக் காட்டும். அரிசோனாவில் என் காதில் சதா ஒலித்த எண் 29.92. அதைப் புள்ளி இல்லாமல் 'டூ நைனர் நைனர் டூ' என்று படிப்பார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்றும் அங்குலக் கட்சி. இந்தியாவும் மற்ற பெரும்பாலான நாடுகளும் ஹெக்டோபாஸ்கல் கட்சி, அங்கே அதே 29.92 அங்குலம் 1013 ஆகிவிடும்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். எனக்கே நடந்தது, நல்லவேளை சிமுலேட்டரில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தேர்வு. முதல் பாதியில் ஜப்பானில் ஒரு தரையிறக்கம், அப்போது என் பக்கத்து வளையம் அங்குலத்தில் இருந்தது. இரண்டாம் பாதியில் தேர்வாளர் எங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ப் புயல் நாள் ஒன்றில் விட்டார். "அழுத்தம் நைனர் நைனர் டூ" என்றார். 992 ஹெக்டோபாஸ்கல் என்று அர்த்தம். என் காது 'நைனர் நைனர் டூ'வைக் கேட்டது, என் விரல் அரிசோனாவுக்குப் போனது. 29.92 வைத்துவிட்டேன். அதாவது 1013. இரண்டுக்கும் 21 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம், உயரத்தில் ஏறக்குறைய 600 அடி. என் ஆல்டிமீட்டர் 3,000 காட்டினால் விமானம் இருப்பது 2,400 அடியில். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறோம், கீழே மலை. பக்கத்தில் இருந்த பையன்தான், "சார், உங்களுதும் என்னுதும் ஒண்ணா இல்லியே" என்றான். தேர்வாளர் சிமுலேட்டரை அப்படியே உறையவைத்துவிட்டு, "டீ சாப்பிடலாமா?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்த அழுத்த விவகாரத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஓர் உயரத்துக்கு மேல் உள்ளூர் அழுத்தத்தை விட்டுவிட்டு எல்லோரும் பொதுவாக 1013 வைத்துக்கொள்ள வேண்டும். அந்த உயரம் எது? அமெரிக்காவில் 18,000 அடி. ஜப்பானில் 14,000. சிங்கப்பூரில் 11,000. ஆஸ்திரேலியாவில் 10,000. ஆம்ஸ்டர்டாமில் 3,000, அங்கே சக்கரம் உள்ளே போன சூட்டோடு மாற்றியாக வேண்டும். நெதர்லாந்தில் மலை கிடையாது, சரி. பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குக்கூட ஏன் ஒரே எண் இல்லை என்று நான் கேட்காத பயிற்சியாளர் இல்லை. உருப்படியான பதில் இதுவரை வரவில்லை.

அரிசோனாவில் கற்ற இன்னொன்றையும் இந்தியாவில் மறக்க வேண்டியிருந்தது. அங்கே டவரைக் கூப்பிட்டதுமே, முன்னால் இரண்டு விமானம் இன்னும் ஆகாயத்தில் இருக்கும்போதே, 'நீ மூன்றாவது, இறங்கலாம்' என்று அனுமதி தந்துவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் அடுத்த வரிசைக்காரர் இலைக்குப் பின்னால் போய் நிற்பது மாதிரி. இந்தியாவில் முன்னால் இறங்கியவர் ரன்வேயை விட்டு விலகினால்தான் அடுத்தவருக்கு அனுமதி. நான் இங்கே பறக்க ஆரம்பித்த முதல் வாரம், 500 அடிக்கு வந்தும் அனுமதி வரவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கேப்டன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். 300 அடியில் அனுமதி வந்தது. இன்றைக்கு எனக்கு அமெரிக்க முறைதான் பயமாக இருக்கிறது. ரன்வேயில் இன்னொருவன் நிற்கும்போது இறங்கலாம் என்று ஒருவர் சொல்வதை என் காது இப்போது ஏற்பதில்லை. பழக்கம்தான் எல்லாம்.

அமெரிக்காவில் இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: முன்னால் போகும் விமானம் கண்ணுக்குத் தெரிகிறதா? யதார்த்தமாக 'தெரிகிறது' என்று சொன்னால், அந்த நொடியிலிருந்து இடைவெளி காப்பது உங்கள் பொறுப்பு. ஒரே சமயத்தில் நிறையப் பேரை இறக்குவதற்கு அது அவர்களுக்கு வசதி. 2023 அக்டோபரில் மியூனிக்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போன ஜெர்மன் விமானம் ஒன்று, ராத்திரியில் அப்படி இறங்க எங்கள் நிறுவன விதி அனுமதிப்பதில்லை என்றது. கட்டுப்பாட்டாளர் அதை வரிசையிலிருந்து விலக்கிக் காத்திருக்க வைத்தார். கடைசியில் அது வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லாந்தில் போய் இறங்கியது. அந்த உரையாடலின் ஒலிப்பதிவு எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மாதம் ஓடியது. பாதிப்பேர் ஜெர்மன்காரர் பக்கம், பாதிப்பேர் கட்டுப்பாட்டாளர் பக்கம். நான் ஜெர்மன்காரர் பக்கம். பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தவனிடம் இருட்டில் தெரியும் விளக்குகளில் எது விமானம் என்று பொறுப்பெடுக்கச் சொல்வது நியாயமில்லை.

சொற்களுக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் எண்கள், பழகிவிடலாம். சொல்தான் ஆளைக் கொல்லும்.

1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு ஒரு சரக்கு 747 வந்தது. 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர், 'டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். விமானி அதை '400க்கு இறங்கு' என்று எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு என்கிற 'டூ'வுக்கும் '400க்கு' என்பதில் வரும் 'க்கு' என்கிற 'டூ'வுக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதிப் பார்த்தால் பிரச்சினை பளிச்சென்று தெரியும், இரண்டும் ஒரே 'டூ'தான். காதுக்கும் தமிழ் எழுத்து மாதிரிதான் கேட்கும். விமானி 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திருப்பிச் சொன்னார், அதை யாரும் திருத்தவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் குன்றில் மோதியது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

நம் நாட்டில் 1996 நவம்பர் 12. டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவூதி 747க்கு 14,000 அடி. எதிரே இறங்கிவந்த கஜகஸ்தானின் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி. இல்யூஷின் அந்த உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. இரண்டும் மோதின. இரண்டு விமானத்திலும் சேர்த்து 349 பேர் இறந்தார்கள். இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. இல்யூஷினில் டெல்லியோடு பேசியவர் விமானி இல்லை, ரேடியோ ஆபரேட்டர். அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று தனி ஆல்டிமீட்டர் கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேல் எட்டித்தான் பார்க்க வேண்டும். மீட்டரில் பழகிய குழு, அடியில் வரும் உத்தரவு, ஆங்கிலத்தில் வரும் பேச்சு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்தக் காலத்தில் டெல்லிக்கு வருவதற்கும் போவதற்கும் ஒரே வழிதான். அதற்குப் பிறகுதான் வழிகளைப் பிரித்தார்கள், மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியாவில் கட்டாயமாக்கினார்கள். சீன எல்லையில் அந்த ஒரு சொடுக்கு திருப்பும்போதெல்லாம் எனக்கு அந்த ரேடியோ ஆபரேட்டரின் கழுத்து நினைவுக்கு வரும்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், கடலோரக் காவல்படையின் சிறு விமானத்திடம் 'நம்பர் ஒன்' என்றார் கட்டுப்பாட்டாளர். புறப்படுகிற வரிசையில் நீ முதல் ஆள் என்று பொருள். ரன்வேக்குள் போகலாம் என்று பொருள் இல்லை. சிறு விமானம் ரன்வேக்குள் போய் நின்றது, பின்னாலிருந்து ஏ350 என்ற பெரிய பயணிகள் விமானம் அதன்மேல் வந்து இறங்கியது. ஏ350இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறு விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஜப்பானில் அந்த 'நம்பர் ஒன்'னைச் சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். இங்கே மொழிப் பிரச்சினைகூட இல்லை. சொன்னவரும் கேட்டவரும் ஜப்பானியர்கள்.

அதனால்தான் சொன்னதைத் திருப்பிச் சொல்வது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. உயரம், திசை, ரன்வே எண், அலைவரிசை எதுவானாலும் கேட்டதும் ஒப்பிக்க வேண்டும். வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. "வரும்போது அரை லிட்டர் தயிரும் கறிவேப்பிலையும்" என்று மனைவி போனில் சொன்னால், "அரை லிட்டர் தயிர், கறிவேப்பிலை" என்று என் வாய் தானாகச் சொல்லும். கறிவேப்பிலையை மறந்துவிட்டு வருவது வேறு விஷயம்.

மொழி என்றதும் பாரிஸ். அங்கே பிரெஞ்சு விமானிகள் கட்டுப்பாட்டாளரோடு பிரெஞ்சில் பேசுவார்கள், எங்களிடம் ஆங்கிலம். விதிப்படி அதில் தப்பில்லை. உள்ளூர் மொழிக்கு விதியில் இடம் உண்டு. சீனாவிலும் அப்படித்தான், ஸ்பெயினிலும். ஆனால் நாங்கள் எங்களுக்கு வரும் உத்தரவை மட்டுமா கேட்கிறோம்? ஊர்ப் பேச்செல்லாம் கேட்போம். யார் எங்கே நிற்கிறான், யாருக்கு எந்த ரன்வே, யாருக்கு அவசரம், எல்லாம் அந்தப் பேச்சிலிருந்துதான் மனதில் ஒரு படமாக விழும். பாதி பிரெஞ்சில் போனால் பாதிப் படம் காலி. 2000 மே மாதம் அதே பாரிஸின் சார்ல்ஸ் தெ கோல் நிலையத்தில், ஓடிவந்த பயணிகள் விமானத்துக்கு முன்னால் ஒரு சிறு சரக்கு விமானம் ரன்வேக்குள் வந்தது. அதன் கோ-பைலட் இறந்துபோனார். பயணிகள் விமானத்துக்கு பிரெஞ்சில் அனுமதி, சரக்கு விமானத்துக்கு ஆங்கிலத்தில். இரண்டு மொழிப் பேச்சும் விசாரணையில் ஒரு காரணமாக எழுதப்பட்டது.

ஆங்கிலத்துக்கு எங்களுக்குத் தேர்வு உண்டு. ஆறு படிகளில் குறைந்தது நான்காவது படியில் இருந்தால்தான் வெளிநாடு பறக்கலாம். நாலு வாங்கினால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி உட்கார வேண்டும், ஆறு வாங்கினால் ஆயுளுக்கும் கவலையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் சுலபமாக ஆறு வாங்கிவிடுவார்கள். நியூயார்க் கென்னடி நிலையத்தில் மாலை நேரத்தில் ஒருமுறை அலைவரிசையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், யாரைத் தேர்வுக்கு உட்காரவைக்க வேண்டும் என்று. சீனாவின் கட்டுப்பாட்டாளர் மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பேசுவார். புரியாமல் போனதே இல்லை.

இந்தியாவில் கட்டுப்பாட்டாளரோடு பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் தொடக்கமும் முடிவும் நம்முடையது. 'நமஸ்கார்' என்று ஆரம்பித்து 'ஜெய் ஹிந்த்' என்று அலைவரிசை மாற்றிவிடுவார்கள். வளைகுடாவில் 'சலாம் அலைக்கும்', பாரிஸில் 'போன்ஷூர்'. புத்தகத்தில் இந்த வார்த்தைகளுக்கு இடமே இல்லை, அலைவரிசையை வீணடிக்கக் கூடாது என்றுதான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் சொல்கிறோம். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து விடியற்காலை வந்துகொண்டிருந்தேன். சென்னை கட்டுப்பாட்டறையைக் கூப்பிட்டபோது தூக்கக் கலக்கத்தில் 'வணக்கம்' என்று வாயில் வந்துவிட்டது. ஒரு நொடி இடைவெளி. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, "வணக்கம் சார், காலை வணக்கம்" என்று ஒரு மதுரைக் குரல். அப்புறம் சுத்தமான ஆங்கிலத்தில் உயரமும் திசையும்.

அந்தச் சென்னை-மலாக்கா வழி எனக்குப் பிடித்தமானது. என்571 என்று பெயர். வானத்தில் வழியெல்லாம் ஐந்தெழுத்துப் புள்ளிகளால் ஆனது, பாதிக்கு அர்த்தமே இருக்காது, உச்சரிக்க வந்தால் போதும். ஆனால் இந்த வழியில் 'மெக்கார்' என்று ஒரு புள்ளி, 'நீலம்' என்று ஒரு புள்ளி. மெக்கார் என்றால் மலாயில் மலர்வது. நீலம் என்றால் அவர்களுக்கும் நீலக்கல்தான். வங்காள விரிகுடாவுக்கு மேல் அந்தப் பெயரை ஆங்கில எண்களுக்கு நடுவே சொல்லும்போது எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அந்தக் கடலுக்கு மேல் முன்பெல்லாம் சிற்றலை வானொலிதான். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தத்துக்கு நடுவில் மும்பையின் குரலைத் தேட வேண்டும். இப்போது செல்போனில் குறுஞ்செய்தி மாதிரி திரையிலேயே எழுத்தில் வந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இன்னும் கட்டுப்பாட்டாளர் காதில் விழமாட்டார். அங்கே 126.9 என்ற அலைவரிசையில் விமானிகளே தாங்கள் எங்கே இருக்கிறோம், எந்த உயரம், எந்தப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கொல்லிமலைக் கொண்டையூசி வளைவில் பஸ் டிரைவர் ஹார்ன் அடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இன்னொன்று. கடல் வழிகளில் நாங்கள் வேண்டுமென்றே நடுக்கோட்டை விட்டு ஒரு மைலோ இரண்டு மைலோ வலப்பக்கம் ஒதுங்கிப் போவோம். ஜிபிஎஸ் வந்தபிறகு எல்லா விமானமும் ஒரே கோட்டில் மயிரிழை பிசகாமல் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று பறக்கிறது. யாராவது உயரத்தில் தப்பு செய்தால் நேராக மோதல்தான். அந்தக் காலத்தில் கருவிகள் சுமாராக இருந்ததே ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது. சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிற இந்தியன், ஆங்கிலேயன், ஜப்பானியன் எல்லோரும் மேலே வந்தால் வலப்பக்கம்தான். எதிரே ஒருவன் வந்தாலும் இருவரும் வலப்பக்கமே திரும்ப வேண்டும்.

வளைகுடா வழியில் மறக்க முடியாதது ஒரு ரமலான் மாலை. சென்னையிலிருந்து துபாய். மேற்குப் பக்கமாகப் பயணம், முகத்தில் வெயில், நானும் கோ-பைலட்டும் கண்ணாடியில் செய்தித்தாளைச் செருகி வைத்துக்கொண்டு போகிறோம். பின்னாலிருந்து போன். "சார், பதினாலாம் வரிசையில ஒரு பெரியவர் நோன்பு திறக்கலாமான்னு கேக்கச் சொன்னார். கீழ இருட்டாத் தெரியுதாம், ஆனா ஜன்னல்ல வெயில் அடிக்குதாம்." அவர் சொன்னது சரி. கீழே அரபிக் கடல் கறுத்துவிட்டது, 36,000 அடியில் எங்களுக்குச் சூரியன் இன்னும் ஒரு விரற்கடை மேலே. அவ்வளவு உயரத்தில் அடிவானம் தாழ்ந்துபோகும். கீழே இருப்பவரைவிடப் பத்து நிமிடத்துக்கும் மேல் பிந்தித்தான் சூரியன் மறையும். போதாததற்கு நாங்கள் அதைத் துரத்திக்கொண்டு வேறு போகிறோம். துபாயின் புர்ஜ் கலீஃபாவிலேயே 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடம் பிந்தியும், 150க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் பிந்தியும் நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். விமானத்தில் போகிறவருக்கு, அவர் கண்ணுக்குச் சூரியன் எப்போது மறைகிறதோ அப்போதுதான்.

ஆக, அன்று பெரியவர் உட்பட எல்லோருக்கும் மஃரிப், அதாவது சூரியன் மறைந்த வேளை, வந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய ஆள் நான். செய்தித்தாளை எடுத்துவிட்டு இரண்டு பேரும் அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு விளிம்பு போனதும் கோ-பைலட்டிடம் "போயிடுச்சா?" என்றேன். "போயிடுச்சு சார்" என்றான். வழக்கம்போலத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டுதான் மைக்கை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் இரண்டு பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், பெரியவர் கொடுத்துவிட்டாராம். வீட்டில் காய்ச்சிய கஞ்சியும் எடுத்து வந்தாராம், பாதுகாப்புச் சோதனையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

வளைகுடா என்றால் கசகசாவையும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேரும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் புத்திமதி இது: அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியைப் பையில் போடாதே. எமிரேட்ஸ், சவூதி, சிங்கப்பூர் எல்லா இடத்திலும் கசகசாவுக்குத் தடை. அபினிச் செடியின் விதை இல்லையா? நமக்குக் குருமா, அவர்களுக்கு வழக்கு.

நம் நாட்டின் தனி வழக்கம் ஊதுவது. இந்தியாவில் ஒவ்வொரு நாளும் பறக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் குழுவில் எல்லோரும் குழாயில் ஊத வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தால் இறங்கியதும் ஊத வேண்டும். அமெரிக்காவில் குடித்து எட்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், நமக்குப் பன்னிரண்டு. அங்கே ரத்தத்தில் 0.04 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், நமக்கு முழுப் பூஜ்யம். வாய் கொப்பளிக்கும் திரவம்கூடக் கூடாது. ஐரோப்பிய நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "தினமும் சந்தேகப்படுகிறார்களா?" என்று வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. தினமும் எல்லோரும் ஊதினால் அது சந்தேகம் இல்லை, பல் தேய்ப்பது மாதிரி. என்றைக்கோ ஒருநாள் ஒருத்தனை மட்டும் கூப்பிட்டு ஊதச் சொன்னால்தான் அவமானம்.

எல்லைகள் மேலிருந்து தெரியாது என்று கவிதையாகச் சொல்வார்கள். தெரியும். பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் ராத்திரியில் பறந்தால் இந்தியா பாகிஸ்தான் எல்லை விளக்குகள் ஆரஞ்சு நூல் மாதிரி வளைந்து வளைந்து போகும். 2025 ஏப்ரல் கடைசியில் இரண்டு நாடும் ஒருவர் விமானத்துக்கு மற்றவர் வானத்தை மூடியபிறகு, ஐரோப்பா போகிற எங்கள் ஆட்கள் அந்த நூலை அடையாமலே தெற்கே சுற்றிப் போகிறார்கள். முன்பு கராச்சியும் லாகூரும் நல்ல ஆங்கிலத்தில் எங்களை வழியனுப்பிவைக்கும் குரல்கள். அந்தக் குரல்களைக் கேட்டு நாளாயிற்று.

கடைசியாக ஜப்பான். நரிதாவில் எங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இணைப்புக் கம்பியைக் கழற்றி, தரைப் பொறியாளர் சிவப்பு ரிப்பன் கட்டிய ஊசியை உயர்த்திக் காட்டுவார். முன்சக்கரப் பூட்டை எடுத்துவிட்டேன் என்பதற்கு அத்தாட்சி. அது உலகம் முழுக்க உண்டு. ஆனால் மற்ற ஊர்களில் அத்தோடு வண்டியேறிப் போய்விடுவார்கள். இங்கே போகமாட்டார்கள். மூன்று நான்கு பேர் வரிசையாக நின்று இடுப்பு வளையக் குனிந்து வணங்குவார்கள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார்கள். விமானம் திரும்பி மறைகிறவரை ஆட்டுவார்கள். கொட்டுகிற மழையில், மழைக்கோட்டில் தண்ணீர் வழிய ஆட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் காக்பிட் இருட்டாக இருக்கும், நாங்கள் பதிலுக்கு ஆட்டுவது அவர்களுக்குத் தெரியாது. அதனால் உள்விளக்கைப் போட்டுவிட்டு ஆட்டுவோம். எந்தக் கையேட்டிலும் இல்லாத நடைமுறை.

இரண்டு மாதம் தொடர்ந்து ஜப்பான் போய்வந்த பிறகு, போன மாசம் சென்னையில் ஒரு ராத்திரிப் புறப்பாடு. பின்னுக்குத் தள்ளி முடிந்தது. பொறியாளர் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டு ஓரமாகப் போய் நின்று, ஊசியைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். நான் யோசிக்காமல் உள்விளக்கைப் போட்டேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். திரும்பி நடக்கப் போனவர் நின்றார். என்னைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். கையை உயர்த்தி நிறுத்தச் சைகை காட்டிவிட்டு வேகமாக வந்து ஹெட்செட்டை மறுபடி செருகினார்.

"சார், என்ன சார் பிரச்சினை?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா டாட்டா காட்டினேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"அட போங்க சார். ஏற்கெனவே ஏழு நிமிஷம் லேட்டு."